சாமி பேருல வர்ற கேம்: நாங்க விளையாடிப் பார்த்தோம்

 

கொஞ்சம் நீளமான பதிவு. பூ கட்டிக்கிட்டே படிக்கிறவங்க பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. வழக்கமா தொண்டர் குழு சார்பா இங்க உபயம், அன்னதானம், சிரமதானம்னுதான் எழுதுவோம். இன்னிக்கு விடியோ கேம் பத்தி. சிரிக்காதீங்க, நிர்வாகம் சொல்லித்தான் செஞ்சோம்.

போன கூட்டத்துக்கு வந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். அபிஷேகம் நடக்கும்போது மண்டபத்து பின்னாடி பிள்ளைங்க கைப்பேசியும் கையுமா உட்கார்ந்திருக்காங்கன்னு பேச்சு வந்துச்சு. கேட்லயே வாங்கி வெச்சுடணும்னு சிலர் சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை சமய வகுப்புக்கு வர்றதே பத்துப் பதினஞ்சு பேரு, அதையும் வாங்கி வெச்சா அவங்களும் வர மாட்டாங்கன்னு சிலர். அப்பதான் ஒருத்தர் எழுந்து, "அதுல நம்ம சாமிய வெச்சே கேம் செஞ்சிருக்கான், அதுதான் பெரிய அபச்சாரம்"ன்னாரு. எந்த கேம், எந்த சாமின்னு கேட்டா கூட்டத்துல ஒருத்தருக்கும் தெரியல. தலைவர் ஐயா எங்க பக்கம் திரும்பி, "பிள்ளைகளோட இருக்கிறது நீங்கதான். பார்த்துட்டு வந்து சொல்லுங்க. அப்புறம் முடிவெடுப்போம்"னு சொல்லிட்டாரு.

சரின்னு அஞ்சு பேர் உட்கார்ந்தோம். எஸ்பிஎம் முடிச்ச ரெண்டு தம்பிங்க, செம்பனை லோரி ஓட்டுற அண்ணன், மாலை கட்டுற அக்கா, அப்புறம் நம்ம அடுப்படி பெரியம்மா. பள்ளி விடுமுறை முழுக்க, ராத்திரி பூஜை முடிஞ்சு நடை சாத்தின பிறகு, பின்னாடி சாப்பாட்டுக் கூடத்துல. சன்னதி பக்கம் இல்லைங்க, கவலைப்படாதீங்க.

முதல்ல எடுத்தது பிள்ளைங்க எல்லாரும் விளையாடுற மொபைல் லெஜண்ட்ஸ். சீனாவோட ஷாங்ஹாய் நிறுவனமான மூன்டோன் 2016-ல வெளியிட்டது. இந்தப் பக்கம் அசாம் ஜாவா முதல் புக்கிட் ரோத்தான் வரைக்கும் எந்த சாப்பாட்டுக் கடையில உட்கார்ந்தாலும் அந்தச் சத்தம் கேக்கும். 2019-ல பிலிப்பீன்ஸ்ல நடந்த சீ விளையாட்டுப் போட்டியில பதக்கத்துக்கே இது இருந்துச்சு, அதனால வெறும் பொழுதுபோக்குன்னு தள்ளிடவும் முடியாது. இந்தப் பக்கம் அஞ்சு பேரு, அந்தப் பக்கம் அஞ்சு பேரு. மூணு பாதை. எதிரியோட கோபுரங்களை ஒவ்வொண்ணா உடைச்சு கடைசியில அவனோட கோட்டைய உடைக்கணும். ஒரு ஆட்டம் கால் மணி நேரம் போகும். லோரி அண்ணன் முதல் ஆட்டத்துல பதினோரு தடவை செத்தாரு. தம்பிங்க மரியாதைக்கு சிரிக்காம இருந்தாங்க, அவ்வளவுதான்.

அதுல ஒரு வீரன் இருக்கான். பேரு 'கதோட்காச்சா'. மலாய்ல அப்படித்தான் படிப்பாங்க. பெரிய உடம்பு, கை நிறைய கவசம். அடி வாங்க வாங்க வலு ஏறும். சுத்தி இருக்கிற எதிரிங்களை தன் மேலயே பாய வைப்பான். அப்புறம் வானத்துல எழும்பி அவங்க நடுவுல போய் விழுவான். எங்க வகுப்புல ஒரு பையன், பத்து வயசு இருக்கும், எப்பவும் இவனைத்தான் எடுப்பானாம்.

இது யாருன்னு உங்களுக்கு புரிஞ்சிருக்கும். கடோத்கஜன்! பீமனுக்கும் இடும்பிக்கும் பிறந்தவன். நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு கடோத்கஜன்னா 1957-ல வந்த மாயா பஜார்ல எஸ்.வி.ரங்காராவ்தான், பந்தி நிறைய இருக்கிறதை அண்டா அண்டாவா தின்னுட்டு சிரிப்பாரே. அந்தப் பையனுக்கு அந்தப் படமும் தெரியாது, பாரதத்துல இவன் இருக்கான்னும் தெரியாது. "இது இந்தோனேசியா ஹீரோ அண்ணே"ங்கிறான். அவன் சொல்றதும் பொய் இல்லை. பாரதம் ஜாவாவுக்குப் போய் பல நூறு வருஷம் ஆச்சு. அங்க வயாங் கூலிட் தோல்பாவைக் கூத்துல அர்ஜுனனுக்கு சமமா இவனைக் கொண்டாடுவாங்க. கம்பி நரம்பு, இரும்பு எலும்பு, வானத்துல பறக்கிறவன்னு பேரு. 1995-ல இந்தோனேசியாக்காரங்க தாங்களே செஞ்சு பறக்க விட்ட என்-250 விமானத்துக்கும் இவன் பேரைத்தான் வெச்சாங்க. எங்க ஊர் பேருலயே ஜாவா இருக்கு. அசாம் ஜாவான்னா புளின்னு அர்த்தம், பெரியம்மா சாம்பாருக்கு கரைக்கிற அதே புளி. இங்கேர்ந்து தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் வரைக்கும் ஜாவா வம்சாவளிக் குடும்பங்கள் எத்தனையோ. ஆக, நம்ம பாரதத்து ஆளு ஜாவா போயி, ஷாங்ஹாய் போயி, கடைசியில நம்ம சாப்பாட்டுக் கூடத்து பின்வரிசையில வந்து நிக்கிறான். சொந்தக்காரங்களுக்கு மட்டும் அடையாளம் தெரியல.

அடுத்த ஞாயிறு வகுப்புல தேவாரம் முடிஞ்ச பிறகு நாங்க அந்தக் கதையைச் சொன்னோம். பதினாலாம் நாள் போர், பொழுது சாய்ஞ்சும் நிக்கல. ராத்திரியில கடோத்கஜனோட மாயத்துக்கு முன்னால கௌரவர் படை தாங்கல. கர்ணன் கிட்ட இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதம் ஒண்ணு இருக்கு. ஒரே ஒரு தடவைதான் எறிய முடியும். அதை அர்ஜுனனுக்குன்னே பத்திரமா வெச்சிருந்தான். எல்லாரும் கதற, வேற வழியில்லாம கடோத்கஜன் மேல எறிஞ்சுட்டான். அவன் சாகும்போதும் உடம்பை மலை மாதிரி பெருக்கி, கௌரவர் படை மேல விழுந்து நசுக்கிட்டுத்தான் போனான். பாண்டவர்கள் எல்லாம் அழறாங்க. கிருஷ்ணர் மட்டும் சந்தோஷத்துல ஆடுறாரு. அர்ஜுனன் பிழைச்சான்ல.

பையன் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னான், "டேங்க்னா அதான் அண்ணே வேலை. முன்னாடி போயி அடி வாங்கணும். பின்னாடி இருக்கிறவன் பிழைக்கணும்."

எங்களுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. கேம்ல 'டேங்க்'ன்னா அடி தாங்குற பொறுப்புன்னு தம்பிங்க அப்புறம்தான் விளக்கினாங்க. நாங்க பத்து நிமிஷம் விளக்கினதை அந்தப் பிள்ளை ரெண்டு வரியில பிடிச்சுட்டான். அதுவும் எங்கேர்ந்து பிடிச்சான் பாருங்க.

அதோட விடல. "கேம்ல செத்தா கொஞ்ச நேரத்துல திரும்பி வந்துடுவான். இதுல வர மாட்டான்ல?"ன்னான். வர மாட்டான்ப்பான்னோம். "அப்ப கிருஷ்ணர் தெரிஞ்சேதான் அனுப்பினாரா? அவனும் அவங்க பிள்ளைதானே?" இதுக்கு எங்க கிட்ட ஒரு வரி பதில் இல்லை. பாரதத்தை முழுசாப் படிச்சவங்களே இந்த இடத்துல நின்னு யோசிப்பாங்க. ஒரு கேம் விளையாடுற பிள்ளை நேரா அங்க வந்து நின்னுட்டான். எங்க வகுப்புல இப்படி ஒரு கேள்வி வந்து எத்தனை நாளாச்சுன்னு அக்கா அன்னைக்கு ராத்திரி சொல்லிக்கிட்டே இருந்தாங்க.

ரெண்டாவது, 'ராஜி'. நம்ம ஊர்ல ராஜின்னா ராஜேஸ்வரி அக்காதான், ஆனா இது புனேயில இருக்கிற நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ்ங்கிற சின்ன நிறுவனம் 2020-ல வெளியிட்ட கேம். வித்தை காட்டுற பொண்ணு ராஜி, தம்பிய அசுரனுங்க தூக்கிட்டுப் போயிட்டானுங்க, தேடிப் போறா. துர்க்கையம்மன் அவளைத் தேர்ந்தெடுத்து திரிசூலம் கொடுக்கிறாங்க. துர்க்கையும் விஷ்ணுவும் மேலேர்ந்து அவளைப் பத்தி பேசிக்கிறதுதான் கதை சொல்ற விதமே. இதுல ஒண்ணு எங்களுக்கு ரொம்பப் பிடிச்சுது. சாமிய நாம பொம்மை மாதிரி ஆட்டல. ஆடுறது மனுஷப் பொண்ணு, அருள் மட்டும் அம்மனோடது. போற வழியில சுவத்து ஓவியங்கள் வரும், நின்னு பார்த்தா புராணக் கதை சொல்லும். அக்கா சண்டையை விட்டுட்டு ஓவியம் ஓவியமா நின்னாங்க. கூட இருந்த தம்பிக்கு பொறுமையே போச்சு.

குறை இருக்கு. ராஜஸ்தான் கோட்டை, வடக்கத்தி அலங்காரம், பேச்சு இங்கிலீஷ். நம்ம கோபுரம், நம்ம மாரியம்மன் முகம் எதுவும் இல்லை. நாலஞ்சு மணி நேரத்துல முடிஞ்சிடும், முடிவும் சட்டுனு வெட்டின மாதிரி நிக்கும். ஆனா அவங்க பட்ட பாடு கேட்டதுக்கப்புறம் குறை சொல்ல வாய் வரல. பொதுமக்கள் கிட்ட இணையம் வழியா நிதி கேட்டாங்க, இலக்கு எட்டல. அப்பவும் விடாம செஞ்சு முடிச்சாங்க. கும்பாபிஷேகத்துக்கு ரசீது புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு வீடு வீடா ஏறி இறங்கின நமக்கு இது தெரியாதா.

மத்த சிலதை நாங்க விளையாடல, விளையாடுறதை காணொளியில பார்த்தோம். 'ஸ்மைட்'னு அமெரிக்காக்காரன் கேம். எல்லா நாட்டு சாமியும் ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்குவாங்க, காளியும் பிள்ளையாரும் ராமரும் அதுல உண்டு. கிரேக்க சாமி பிள்ளையாரை அடிச்சு விழுத்துறதைப் பார்த்ததும் பெரியம்மா எழுந்து தண்ணி குடிக்கப் போயிட்டாங்க. 2012-லயே இதுக்கு அமெரிக்க இந்துக்கள் தரப்புல எதிர்ப்பு வந்துச்சு. அதுக்கு முன்னால 2009-ல அனுமாரை வெச்சு ஹைதராபாத்துல செஞ்ச பிளேஸ்டேஷன் கேமுக்கும் அப்படித்தான்: கும்பிடுற சாமிய பட்டனை அழுத்தி ஆட்டி வைக்கலாமான்னு. ஜப்பான்காரனோட 'ஃபைனல் ஃபேண்டஸி'யில 1990-லேர்ந்து 'ஷிவா'ன்னு ஒருத்தர் வர்றாங்க. வர்றாங்கன்னு ஏன் சொல்றோம்னா, அது பொம்பளை! பனியை அள்ளி வீசுற தேவதை. தலைவர் ஐயா கிட்ட காட்டினோம். "கயிலாயம் பனிமலைதானே, பாதி கேட்டுட்டு செஞ்சிருப்பான் போல"ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டாரு.

இந்த இடத்துல எங்களுக்குள்ளயே ஒத்துப் போகல, அதை மறைக்க விரும்பல. லோரி அண்ணன் சொல்றாரு, அந்தக் காலத்துல தோட்டத்துல காமன் கூத்து ஆடலையா, மனுஷன்தானே ரதியாவும் மன்மதனாவும் சிவனாவும் வேஷம் கட்டினான், அது அபச்சாரமா? அக்கா சொல்றாங்க, வேஷம் கட்டினவன் காப்பு கட்டி விரதம் இருந்தான்ல, பால்மரம் வெட்டிட்டு வந்த களைப்புலயும் கவுச்சி தொடாம இருந்தான்ல, கேம் ஆடுறவன் கோழி வறுவல் தின்னுக்கிட்டே காளியை ஆட்டுறான்னு. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. எங்க கணக்கு இவ்வளவுதான்: பேரும் ஆயுதமும் மட்டும் எடுத்துக்கிட்டு சாமிய சண்டைக்கு விடுற கேம் வேற, பக்தியோட கதை சொல்ற கேம் வேற. ரெண்டையும் ஒரே மூட்டையில கட்ட வேண்டாம்.

காசு விஷயத்துல மட்டும் அஞ்சு பேரும் ஒண்ணு. பெத்தவங்க கவனிங்க. ஆட்டம் இலவசம், உடுப்பும் அலங்காரமும் காசுன்னு பல ஆன்லைன் கேம் ஓடுது. உங்க கார்டு, இ-வாலட் விவரத்தைப் பிள்ளைங்க கைப்பேசியில பதிஞ்சு வெக்காதீங்க. முகம் தெரியாதவன் கெட்ட வார்த்தை எழுதுற அரட்டைப் பெட்டிய மூடி வைக்க அமைப்புல வழி இருக்கு, தெரியலைன்னா தம்பிங்களைக் கேளுங்க.

கடைசியா ஒண்ணு. இது சாமி கேம் இல்லை. தம்பி ஒருத்தன், "பேரு தமிழ்ப் பேரா இருக்கு"ன்னு கொண்டு வந்தான். 'வெண்பா'. கனடாவுல டொரோண்டோ நகரத்துல விசை கேம்ஸ்னு தமிழ்ப் பிள்ளைங்க சேர்ந்து செஞ்சு 2023 ஜூலையில வெளியிட்டாங்க. மறு வருஷமே பிரிட்டன்ல பாஃப்டா விருது, முதல் படைப்புக்கானது. 1988-ல தமிழ்நாட்டுலேர்ந்து கனடா போன ஒரு குடும்பம். அம்மா வெண்பா, அப்பா பாவலன், பையன் கவின். சண்டை கிடையாது, அடி உதை கிடையாது. சமைக்கணும், அவ்வளவுதான்!

வெண்பாவோட அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிஞ்சும் மங்கியும் கிடக்கும். விட்டுப்போன இடத்தை நாமே யூகிச்சு சமைக்கணும். முதல்ல இட்லி. தம்பிங்க ரெண்டு பேரும் தட்டை எப்படி அடுக்குறதுன்னு மண்டையைப் பிச்சுக்கிட்டாங்க. அதுவரைக்கும் ஒரு கேமையும் கையால தொடாத பெரியம்மா எட்டிப் பார்த்தாங்க. "குழிக்கு மேல குழி வெச்சா மேல் தட்டு கீழ இட்லிய நசுக்கும்டா. மாத்தி அடுக்கு"ன்னாங்க. அடுக்கினான், வந்துடுச்சு. "துணி எங்கடா, துணி போடாம இட்லியா"ன்னு ஒரு திட்டு வேற. அதுக்கப்புறம் கருவி அவங்க கையிலதான். புட்டு, பிரியாணி எல்லாம் அவங்கதான். முன்னூறு பேருக்கு அன்னதானம் ஆக்குற கைக்கு இது பெரிய வேலையா. பின்னணியில பழைய சினிமாப் பாட்டு சாயல்ல அவங்களே புதுசா போட்ட பாட்டுங்க ஓடும், அதுக்குத் தலையாட்டிக்கிட்டே விளையாடினாங்க.

ஒன்றரை மணி நேரத்துல கதை முடிஞ்சிடும். நடுவுல கவின் வளர்றான். பள்ளிக்கூடத்துல கூட்டாளிங்க முன்னாடி அம்மா சாப்பாடு வெக்கமா இருக்கு. பேரைச் சுருக்கிக்கிறான். அம்மா தமிழ்ல பேசுறதுக்கு இங்கிலீஷ்ல பதில் சொல்றான். பெரியவனாகி தூரமாப் போயிடுறான். அப்புறம் ஒரு நாள் அவனே அந்தப் புத்தகத்தை எடுத்து சமைக்கப் பார்க்கிறான், எழுத்து தடுமாறுது. அந்த இடத்துல பெரியம்மா கருவியைத் தம்பி கிட்ட கொடுத்துட்டாங்க. "நீ முடி, எனக்குக் கண்ணு தெரியல." கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க. அவங்க பையன் வெளிநாட்டுல இருக்கான், பேரப்பிள்ளைங்களோட வீடியோ கால்ல பேசும்போது ரெண்டு பக்கமும் சிரிப்புதான் அதிகம், பேச்சு குறைவு. எங்களுக்குத் தெரியும். அன்னைக்கு யாரும் எதுவும் கேக்கல.

நாட்டுல 500-க்கு மேல தமிழ்ப்பள்ளி இருக்கு. கனடாவுல அவங்களுக்கு அது இல்லை, நமக்கு இருக்கு. இருந்தும் எங்க தம்பிங்க ரெண்டு பேர்ல ஒருத்தன் தேசியப் பள்ளியில படிச்சவன், தமிழ் பேசுவான், எழுத வராது. தோட்டம் மூடி, ரப்பர் போயி செம்பனை வந்து, லயத்து சனங்க டாமான்களுக்குப் பிரிஞ்சு போனதுல எது எங்க விட்டுப்போச்சுன்னு கணக்கு இல்லை.

மறுநாள் அதே தம்பி ஒரு நோட்டுப் புத்தகத்தோட அடுப்படிக்கு வந்தான். நம்ம திருவிழா அன்னதானத்துக்கு எத்தனை கிலோ அரிசிக்கு எத்தனை கிலோ பருப்பு, எவ்வளவு புளி, பொங்கலுக்கு வெல்லம் எவ்வளவு, எப்ப இறக்கணும், எதுவும் எங்கயும் எழுதி இல்லை. எல்லாம் பெரியம்மா கையிலயும் மூக்குலயும்தான் இருக்கு. "சொல்லுங்க பெரியம்மா, எழுதிக்கிறேன்"ன்னான். "புளி கை நிறைய"ன்னு ஆரம்பிச்சாங்க. "யார் கை?"ன்னு இவன். தராசை எடுத்துட்டு வந்து அவங்க கைப்பிடியை நிறுத்துப் பார்த்தாங்க. இப்ப பதினேழு பக்கம் ஆகியிருக்கு. எல்லாம் தமிழ்தான், எழுத்து மட்டும் ரூமி. சாம்பார் பக்கத்துல 'kai' வரைக்கும் எழுதி நிறுத்திட்டு, அந்த ஒரு வார்த்தையை மட்டும் தமிழ்ல எப்படி எழுதறதுன்னு அக்கா கிட்ட கேட்டு, கோணலா 'கை'ன்னு போட்டிருக்கான்.

நிர்வாகத்துக்கு நாங்க சொன்னதும் அவங்க ஏத்துக்கிட்டதும் இதுதான். பூஜை, அபிஷேக நேரத்துல கைப்பேசி கூடையில இருக்கும், பெரியவங்க கைப்பேசியும் சேர்த்து. (இந்த வரியை நிர்வாகத்துல சிலர் ரசிக்கல.) சாப்பாட்டுக் கூடத்துல தடை இல்லை. வைகுண்ட ஏகாதசிக்கு நம்ம ஆலயத்துல பெருமாள் சன்னதி இல்லைன்னாலும் கண் விழிப்பு வைப்போம், அன்னைக்கு பரமபதம். பாம்பும் ஏணியுமா இருக்கிற அந்த ஆட்டத்தைத்தான் வெள்ளைக்காரன் 19-ஆம் நூற்றாண்டு கடைசியில எடுத்துட்டுப் போயி, வைகுண்டத்தை அழிச்சுட்டு நூறுன்னு போட்டு வித்தான். வீட்டுல பழைய பரமபதப் படம், தாயக்கட்டை, சோழி, பல்லாங்குழி இருந்தா கொடுத்து உதவுங்க. பல்லாங்குழி இல்லைன்னா பக்கத்து கம்போங்ல சொங்காக் கேட்டு வாங்கிக்கலாம், குழி ஆட்டம் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

சமய வகுப்பு வழக்கம் போல ஞாயிறு காலை 9 மணிக்கு. கடோத்கஜன் கதைக்கு இருபத்தி மூணு பிள்ளைங்க வந்தாங்க. வர்ற வாரம் கர்ணன் கதை. "கர்ணன் கேம்ல இல்லையே அண்ணே, யாரும் வர மாட்டானுங்க"ன்னு அந்தப் பையன் சொல்லிட்டுப் போயிருக்கான். கிருஷ்ணர் கேள்விக்கும் அவன் இன்னும் பதில் கேட்டுக்கிட்டு இருக்கான். பாரதம் நல்லாத் தெரிஞ்ச பெரியவங்க யாராவது ஒரு மணி நேரம் ஒதுக்கி வந்து உட்கார்ந்தா புண்ணியமாப் போகும். பசியாற இட்லி இருக்கு. துணி போட்டு ஊத்தினதுதான்.


ஆலயத் தொண்டர் குழு